நீரின் வழியறிந்து வீட்டைக் காப்போம்

(வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

விதை, உரம், பாசனம், சாலை, குடிநீர் ஆகியவை பற்றி இத்தகைய கூட்டங்களில் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் இரவு தோறும் எந்தச் சுவர்களை நம்பிக் கண்ணயர்கிறோமோ, அந்தச் சுவர்களைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. கட்டி முடிக்கும் வரையில் படும் பாட்டை அது சொல்கிறது. கட்டி முடித்த பின்னர் ஆண்டுதோறும் அவ்வீட்டைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்பதை யாரும் பழமொழியாகச் சொல்லி வைக்கவில்லை. உழவு மாட்டுக்குக் கால் தாங்கினால் அன்றே வைத்தியரை அழைக்கும் நாம், வீட்டுச் சுவர் வெடித்தால் அதன்மேல் ஒரு கரண்டி சிமெண்டைப் பூசிவிட்டு, அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்து மறந்துவிடுகிறோம்.

இந்த மறதியின் விலை சில வேளைகளில் மனித உயிராகிவிடுகிறது. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையின்போது உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று இடிந்து, அருகிலிருந்த வீடுகளின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அவ்வாறு செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வராமல், ஒரு மூலையில் இரண்டு வரியாக வந்து மறையும் சுவர் விபத்துகளும் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் நிகழ்கின்றன. சுவர் பெரும்பாலும் ஒரே இரவில் விழுவதில்லை. பல மாதங்களாக, ஏன், பல ஆண்டுகளாகவே அது நமக்கு முன்னறிவிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த அறிவிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்வதே இன்றைய நம் பேச்சின் நோக்கம்.

வீட்டின் முதற் பகைவன்

வீட்டுக்குப் பகை பல உண்டு. கரையான் உண்டு, காற்று உண்டு, வெயில் உண்டு, வேர் உண்டு. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வாசல் திறந்துவிடுவது தண்ணீரே. ஈரமான மரத்தையே கரையான் விரும்பி நாடுகிறது. ஈரம் புகுந்த கான்கிரீட்டிற்குள்தான் கம்பி துருப்பிடிக்கிறது. ஈரமுள்ள விரிசலில்தான் அரசங்கன்று முளைக்கிறது. ஆகையால் பழுது பார்ப்பதில் முதல் விதி ஒன்றே. விரிசலைப் பூசுவதற்கு முன்பு, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீரின் வழியை மாற்றாமல் சுவரைப் பூசுவது, புண்ணின் உள்ளே முள்ளை வைத்துக்கொண்டு மேலே மருந்து தடவுவதற்கு ஒப்பாகும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நம் ஊர்களில் அரசுத் திட்டங்களின் கீழ் கட்டப்பட்ட சிறிய வீடு ஒன்றின் பரப்பு 300 சதுர அடி என்று கொள்வோம். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்தக் கூரையின்மேல் மட்டும் ஏறக்குறைய 2,800 லிட்டர் தண்ணீர் விழுகிறது. பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தால் அளந்தால் 185 குடத்திற்கு மேல் ஆகும். யாராவது நம் வீட்டுச் சுவரின் அடியில் ஒரே நாளில் 185 குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் கூரைத் தண்ணீரைத் தூர விலக்காத ஒவ்வொரு வீட்டிலும் மழை இதைத்தான் செய்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தத் தண்ணீர் நான்கு வழிகளில் வீட்டைத் தாக்குகிறது. கூரை வழியாக மேலிருந்து இறங்குகிறது. சாரலாகப் பக்கத்திலிருந்து அடிக்கிறது. இறவாரத்திலிருந்து விழுந்து தெறித்துச் சுவரின் பாதத்தை அரிக்கிறது. நிலத்தில் ஊறி அஸ்திவாரத்தின் அடிமண்ணை இளக்குவதோடு, சுவருக்குள் மேல்நோக்கியும் ஏறுகிறது. ஒரு வீட்டில் எந்தப் பழுதைக் கண்டாலும், இந்நான்கில் எது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு சுற்று

வீட்டை ஆண்டுக்கு இருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். முதற் சுற்று, நல்ல மழை பெய்து கொண்டிருக்கும்போது. ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே சுவரை நனைக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்பதெல்லாம் கேள்வி கேட்காமலே விளங்கிவிடும். அவற்றை அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். இடி மின்னலும் பலத்த காற்றும் இருக்கும்போது இதைச் செய்யலாகாது. இரண்டாவது சுற்று, தை, மாசி மாதங்களில், சுவர் உலர்ந்த பிறகு. அப்போதுதான் சுவரின் உண்மையான விரிசல்களும், உவர் பூத்த இடங்களும் தெளிவாகத் தெரியும். மழையில் நோயைப் பார்த்து வெயிலில் மருந்திட வேண்டும் என்பதைச் சுருக்கமாக நினைவில் வைக்கலாம்.

பெரிய வேலைகளைப் பங்குனி முதல் ஆடி வரைக்குள் முடித்துவிடுவது நன்று. தூம்பு அடைப்பு நீக்குதல், ஓடு மாற்றுதல் முதலிய சிறு வேலைகளை ஆவணி, புரட்டாசியிலும் செய்யலாம். ஐப்பசி பிறந்த பிறகு பூசும் பூச்சு, காய்வதற்குமுன் கரைந்து போகும்.

இதற்கு வேண்டிய கருவிகள் எளியவை. கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று, நூல் ஒன்று, கைவிளக்கு ஒன்று, சிறு சுத்தியல் ஒன்று, கூர்மையான கத்தி ஒன்று, அளவுகோல், பென்சில், குறிப்பேடு ஆகியன போதும். எப்போதும் மேலிருந்து கீழாகவும், வெளியிலிருந்து உள்ளாகவும் பார்த்துவர வேண்டும். தண்ணீரும் அவ்வழியேதான் வருகிறது.

கூரையைப் பார்க்கும் முறை

ஓட்டு வீடானால், வீட்டின் உள்ளே நின்று பகலில் மேலே நோக்க வேண்டும். வெளிச்சம் தெரியும் இடத்தில் தண்ணீரும் வரும். முகட்டு விட்டம், கைமரம், ரீப்பர் ஆகியவற்றைக் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் கத்தியைத் தடுக்கும். கரையான் தின்ற மரத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோலக் கத்தி இறங்கும். கைமரத்தின் முனை சுவரின்மேல் உட்காரும் இடமே முதலில் மக்குவது வழக்கம். ஆகையால் அங்கே தவறாமல் பார்க்க வேண்டும். சுவரில் மண்கோடுகள் ஏறியிருந்தால், அவை கரையான் போட்ட சாலை என்று அறிக.

காற்றையும் இங்கே கருத வேண்டும். 2011 டிசம்பர் 30இல் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே புயலையும், 2018 நவம்பர் 16இல் வேதாரண்யத்திற்கு அருகே கரை கடந்த கஜா புயலையும் மறந்தவர் இருக்க முடியாது. புயற்காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே தூக்குவதே அதிகம். இறவார ஓரம், முகடு, கூரையின் மூலைகள் ஆகிய இடங்களிலேயே அந்தத் தூக்கும் விசை மிகுதி. ஆகவே ஓரத்து ஓட்டு வரிசைகளையும் முகட்டோடுகளையும் கலவை கொண்டு பதிப்பதும், கம்பியால் ரீப்பருடன் கட்டுவதும், கைமரங்களை இரும்புப் பட்டையால் சுவருடன் பிணைப்பதும் பயன் தரும். தகரக் கூரையானால் வெறும் ஆணி போதாது. கொக்கி போல்ட்டும் வாஷரும் கொண்டு இறுக்க வேண்டும். காற்றுக்குப் பயந்து தகரத்தின்மேல் கருங்கல்லைத் தூக்கி வைப்பது உதவாது. புயலில் அந்தக் கல்லே வீட்டுக்குள் விழும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தகட்டை அறுத்தாலும் துளைத்தாலும் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோயையும் உண்டாக்கவல்லது. கழற்ற நேர்ந்தால் நன்றாகத் தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்க வேண்டும். உடைந்த துண்டுகளைப் பொடித்துத் தரை மெழுகவோ பாதையில் கொட்டவோ கூடாது.

கான்கிரீட் வீடுகள்

'மச்சு வீடாயிற்றே, இனி நூறு ஆண்டுக்குக் கவலை இல்லை' என்று எண்ணுவோர் பலர். கான்கிரீட்டும் பராமரிப்பை வேண்டும் பொருளே. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் தொடங்கியது. அக்காலம் முதல் கட்டப்பட்ட தொகுப்பு வீடுகள் பலவற்றில் இன்று உட்கூரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். கம்பி துருப்பிடிக்கும்போது, அந்தத் துரு, இரும்பு இருந்த இடத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்கிறது. உள்ளிருந்து வீங்கும் அந்தத் துருவே கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. கம்பிக்குக் கீழே போதிய கான்கிரீட் மறைப்பு இல்லாதிருந்தாலும், கடல் மணலில் உள்ள உப்புக் கலந்திருந்தாலும் இது விரைவில் நிகழும்.

சுத்தியலால் உட்கூரையை மெல்லத் தட்டிப் பார்த்தால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். கம்பியின் போக்கிலே நீளக் கோடாக விரிசலும் பழுப்புக் கறையும் தென்பட்டால், துரு தொடங்கிவிட்டது என்று பொருள். அவ்விடத்தில் மேலாகச் சிமெண்டைப் பூசினால் சில மாதங்களில் அது ஒரு பாளமாகத் தலையில் விழும். முறையாவது: முதலில் தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பிரிந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பித் தூரிகையால் துருவை முழுவதும் நீக்க வேண்டும். கம்பியின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தின்னப்பட்டிருந்தால், புதுக் கம்பியை உடன் சேர்த்துக் கட்ட வேண்டும். துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்து, பாலிமர் சேர்த்த சிமெண்டுக் கலவையை அடுக்கடுக்காக அழுத்தி நிரப்பி, ஏழு நாட்களுக்குக் குறையாமல் ஈரம் காயாது வைத்திருக்க வேண்டும். இது பொறியாளரின் மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை. அவரைக் கேளாமல் முட்டை எடுத்துவிடலாகாது.

ஆனால் உட்கூரையைச் சீர்செய்யுமுன் மேல்தளத்தைச் சீர்செய்ய வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிய மேல்பரப்பும், அதன்மீது பதித்த தட்டோடும் நம் நாட்டின் பழைய கைமருந்து. அவை மழையையும் தடுக்கும், வெயிலின் சூட்டையும் தடுக்கும். தண்ணீர் தூம்பை நோக்கி ஓடும்படி வாட்டம் இருக்க வேண்டும். தூம்பின் வாயில் ஓர் இலை அடைத்தாலும் தளம் முழுவதும் குளமாகும் என்பதை மறக்கலாகாது. ஈர வைக்கோலையும் நெல் மூட்டைகளையும் தளத்தில் அடுக்கி வைக்கும் வழக்கத்தை விவசாயிகள் விட்டுவிட வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்பது ஒரு டன் எடை. அதைச் சுவரின் தாங்கல் இல்லாத நடுத்தளத்தில் வைப்பது ஆபத்து.

சுவர் எழுதும் மடல்

சுவரின் விரிசல்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அவற்றின் வடிவே காரணத்தைச் சொல்லிவிடும்.

பூச்சில் மட்டும் வலைபோல் படர்ந்த மயிரிழை விரிசல், பூச்சு விரைந்து காய்ந்ததால் வந்தது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கான்கிரீட் தளத்துக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடும் விரிசல், வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. மேல்தளத்தின் சூட்டைக் குறைத்தால் அது அடங்கும். பழைய வீட்டையும் புதிதாகச் சேர்த்த அறையையும் இணைக்கும் இடத்தில் செங்குத்தாக வரும் விரிசல், இரண்டு அஸ்திவாரங்களும் வெவ்வேறு அளவில் இறங்கியதால் வருவது. இவ்விரண்டு இடங்களிலும் விறைப்பான சிமெண்டை நிரப்பினால் மீண்டும் வெடிக்கும். நெகிழும் தன்மையுள்ள அடைப்புப் பசையே தக்கது.

சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலும், செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுப் போல இறங்கும் விரிசலும், அஸ்திவாரம் இறங்குவதன் அடையாளம். அது மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால், சுவரின் ஓரம் அல்லது மூலை இறங்கியிருக்கிறது. கீழே அகன்றும் மேலே குறுகியும் இருந்தால், சுவரின் நடுப்பகுதி இறங்கியிருக்கிறது. உடனே வெளியே சென்று அந்த மூலையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு குளியல் தண்ணீர்க் குழியோ, உடைந்த குழாயோ, தூம்பு கொட்டும் பள்ளமோ காணப்படும். கரிசல் மண்ணில் கட்டிய வீடானால், மண் ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், ஆண்டுதோறும் அதே விரிசல் திறந்து மூடுவதையும் காணலாம். சுவரை ஒட்டி வளர்ந்த பெருமரம், கோடையில் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சி இதை மேலும் கடுமையாக்கும்.

விரிசல் இன்னும் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து, பூச்சை நீக்கிய இருபுறச் செங்கல்லிலும் சிமெண்டால் ஒட்டித் தேதியை எழுதுக. விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, அங்கும் தேதி எழுதுக. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழியட்டும். கண்ணாடி உடையவில்லை, விரிசல் கோட்டைத் தாண்டவில்லை என்றால், சுவர் அமைதி பெற்றுவிட்டது, நிரப்பலாம். கண்ணாடி உடைந்தால், சுவர் இன்னும் அசைகிறது. அதன் காரணத்தை நீக்காமல் நிரப்புவது வீண் செலவு.

அகலத்தையும் கவனிக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் வரையிலான விரிசல் பெரும்பாலும் பார்வைக் குறையே. 5 மில்லிமீட்டர் வரை உள்ளதைக் காரணமறிந்து கொத்தனாரே சரிசெய்யலாம். அதற்கு மேற்பட்டு, கதவும் சன்னலும் சிக்கத் தொடங்கினால் பொறியாளரை அழைக்க வேண்டும். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அகன்றுவிட்டால், அச்சுவரின் அருகில் யாரும் படுக்கலாகாது.

பழுது பார்க்கும் முறைகள்

செங்கற் சுவரில் நின்றுவிட்ட விரிசலை, இருபுறமும் சற்று அகலப்படுத்திக் கொத்தி, தூசியைக் கழுவி, ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் சேர்ந்த கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். அகன்ற விரிசலானால், பிளந்த செங்கற்களை எடுத்துவிட்டு, விரிசலின் குறுக்கே புதிய செங்கற்களைப் பிணைத்துக் கட்ட வேண்டும். பூசுமுன் விரிசலின் இருபுறமும் அரை அடி அகலத்துக்குக் கம்பிவலை அடிப்பது நல்லது.

பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளுக்குச் சிமெண்டுப் பூச்சுப் பொருந்தாது. சுண்ணாம்புச் சுவர் உள்ளே ஏறும் ஈரத்தை மூச்சுவிடுவது போல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டை இறுகப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, மேலே ஏறிப் புதிய இடத்தில் உவர் பூக்கும். சில ஆண்டுகளில் பூச்சும் பாளமாகப் பெயரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே உறவு. நம் முன்னோர் சிலவிடங்களில் கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரைக் காரையில் சேர்த்துப் பயன்படுத்தினர். அந்த வேலை அறிந்த முதிய கொத்தனார்கள் நம் ஊரில் இருந்தால், இளைஞர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

மண்சுவர் உலர்ந்திருக்கும் வரை உறுதியானது, ஊறினால் வலுவிழக்கும். அதன் உயிர் அதன் பாதத்தில் இருக்கிறது. இறவாரத்தை இரண்டடியாவது வெளியே நீட்ட வேண்டும். அரித்த பாதத்தை அப்படியே விட்டு மேலே மெழுகுவதில் பயனில்லை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்றடி நீளத்துக்கு மேல் பிரிக்காமல், பகுதி பகுதியாகச் செங்கல்லோ கல்லோ கொண்டு அடியைக் கட்டிவர வேண்டும். மண்ணோடு தார்க் கலவை சேர்த்து, மழையில் கரையாத மண்பூச்சு ஒன்றை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. அத்தகைய முறைகளையும் கையாளலாம்.

எந்த வீடானாலும், சுவரைச் சுற்றி இரண்டு அல்லது மூன்றடி அகலத்துக்குக் கெட்டித் தளம் ஒன்றை வெளிப்புறம் சரிந்திருக்கும்படி அமைப்பது மிகச் சிறந்த காப்பாகும். குப்பையையும் எருவையும் மண்ணையும் சுவர்மேல் குவிக்கக் கூடாது. மாடு கட்டும் இடம் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. கோமியத்தின் உப்புச் செங்கல்லைத் தின்னும். சுவரில் முளைத்த ஆல், அரசங்கன்றுகளை வெட்டினால் போதாது. சிறிதாக இருக்கும்போதே வேரோடு நீக்கி, அந்தத் துளையை அடைக்க வேண்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் கூரை, அடுத்து வெளித் தண்ணீரின் வடிகால், பிறகு சுவரின் உறுதி, அதன் பின்னரே பூச்சு, எல்லாவற்றுக்கும் கடைசியில் வெள்ளை அல்லது வர்ணம். கையில் உள்ள பணம் குறைவானால், இந்த வரிசையில் முதல் இரண்டை மட்டும் இவ்வாண்டு செய்து, மற்றவற்றை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். நம்மில் பலர் வரிசையைத் தலைகீழாக்கி, திருமணத்தை முன்னிட்டு வர்ணத்தில் தொடங்குகிறார்கள். வர்ணம் மழையைத் தடுக்காது.

இனி, உடனே வெளியேற வேண்டிய அறிகுறிகள்: சுவரின் நடுவில் வயிறு போலப் புடைப்பு; தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் தெரியும் சாய்வு; விட்டம் சுவரிலிருந்து நழுவுதல்; தளத்திலிருந்து கான்கிரீட் துண்டுகள் விழுதல்; மழையின்போது சுவரில் புதிதாக வெடிப்புத் தோன்றி விரிதல். இவற்றுள் ஒன்று கண்டாலும் சாமான்களை எடுக்கத் தாமதிக்காமல், குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு வெளியேற வேண்டும். ஈரச் சுவரில் மின்கசிவு இருந்தால், சுவரைத் தொடாமல், காய்ந்த இடத்தில் உள்ள முதன்மைச் சுவிட்சை நிறுத்த வேண்டும். அது முடியாவிட்டால் மின்வாரியத்தாருக்குத் தகவல் தர வேண்டும்.

ஊராட்சியின் கடமை

தனி ஒருவர் தம் வீட்டைக் காத்துக்கொண்டால் போதாது. தெருவின் தண்ணீர் எல்லோருக்கும் பொது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் மீண்டும் மீண்டும் தளம் போட்டால் தெரு உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் ஆழ்ந்துவிடுகின்றன. திண்ணைக்கு மூன்று படி ஏறியவர்கள் இன்று வாசலில் ஒரு படி இறங்குகிறார்கள். பழைய தளத்தை அகற்றிய பின்னரே புதுத்தளம் போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் மாநிலத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். ஊராட்சி உறுப்பினர்கள் தங்கள் வார்டில் சாலை வேலை தொடங்கும் அன்றே இதைக் கேட்க வேண்டும். வேலை முடிந்த பின்னர் கேட்டுப் பயனில்லை. தெருக் குழாயின் கசிவும், அடைத்த கால்வாயும் அருகிலுள்ள வீட்டின் அஸ்திவாரத்தை அரிக்கின்றன என்பதையும் அவர்கள் உணர வேண்டும்.

மழைக்கு முன்பு, ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு கொத்தனாரை உடன் அழைத்துக்கொண்டு தம் வார்டைச் சுற்றி வர வேண்டுகிறோம். வீடுகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள். நல்ல நிலையில் உள்ளவை, பழுது பார்க்க வேண்டியவை, குடியிருக்கத் தகாதவை. தனியே வாழும் முதியோர், விதவைத் தாய்மார், உடல் ஊனமுற்றோர் ஆகியோரின் வீடுகளை முதலில் பாருங்கள். தம் வீடு ஒழுகுகிறது என்று வாய்திறந்து சொல்லவும் கூசுபவர்கள் அவர்களே. வீடுகளோடு பள்ளிச் சுவர், கோயில் மதில், உயரமான சுற்றுச்சுவர்கள் ஆகியவற்றையும் பாருங்கள். ஒருபுறம் மண் நிரம்பிய உயரச் சுவரில் நீர் வெளியேறத் துளைகள் இல்லையென்றால், ஊறிய மண்ணின் பாரமும் தேங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்து அதைத் தள்ளிவிடும். அத்தகைய சுவரின் கீழே குடியிருப்பு இருந்தால், ஒரு நாளும் தாமதிக்காமல் எழுத்து மூலமாக வருவாய்த் துறைக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

2000–2001ஆம் ஆண்டுக்கு முன்னர் பல்வேறு அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட 2.5 இலட்சம் ஊரக வீடுகளைச் சீரமைக்க, 2024ஆம் ஆண்டில் தமிழக அரசு திட்டம் ஒன்றை அறிவித்தது. இத்தகைய உதவிகள் உரியவர்களைச் சேர வேண்டுமானால், எந்த வீடு எந்நிலையில் உள்ளது என்ற நேர்மையான பட்டியல் ஊராட்சியிடம் இருக்க வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்து எழுதிய பட்டியலால், இடியும் சுவருக்குக் கீழே ஒரு குடும்பம் இன்னும் ஓராண்டு படுத்துறங்க நேரும். அப்பட்டியலைக் கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் படித்துவிடுவதே நியாயத்துக்கும் உறுப்பினருக்கும் பாதுகாப்பு.

அன்பர்களே! இன்று நாம் பேசியவற்றில் பெருஞ் செலவு வேண்டும் வேலைகளும் உண்டு. செலவே இல்லாதவையும் உண்டு. தூம்பின் அடைப்பை நீக்குவதற்குக் காசு வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய குப்பையை அகற்றவும், குளியல் தண்ணீரை நான்கடி தள்ளி வாழைக்குத் திருப்பவும், விரிசலின் முனையில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதவும் ஒரு காலைப்பொழுது போதும். வயலில் வரப்பு உடைந்தால் நள்ளிரவிலும் மண்வெட்டியுடன் ஓடும் உழவருக்குத் தண்ணீரின் போக்கை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலில் காட்டும் அந்த விழிப்பை வீட்டுச் சுவரின்பாலும் காட்டுமாறு வேண்டிக்கொள்கிறோம். வரும் ஐப்பசிக்குள் இந்த ஒன்றியத்தின் ஒவ்வொரு வார்டிலிருந்தும் வீடுகளின் பட்டியலை எதிர்நோக்குகிறோம்.